பட்டிமன்றமா, பயிற்சி மன்றமா, குறைதீர் கூட்டமா: பேசிப் பழக எது நல்ல இடம்?

காவிரி டெல்டாவில் பேச்சு என்றால் பெருமையும் உண்டு, தயக்கமும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டிமண்டபம் இருந்ததைப் பழைய காப்பியங்களே சொல்கின்றன. 1869-இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயர்களே வியந்து கேட்டார்கள். திருக்குவளையில் பிறந்த கருணாநிதியின் மேடைத் தமிழைத் தெரியாதவர் இல்லை. இவர்களை மனதில் வைத்துக்கொண்டே நம்மில் பலர், அடுக்குமொழி வராத ஒரே காரணத்துக்காக ‘நமக்குப் பேச வராது’ என்று பின்வரிசைக்குப் போய்விடுகிறோம். பேசிப் பழக இங்கே பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கற்றுத்தருவது வேறு. தெரியாமல் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீணாகும்.

பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும்தான் நமக்கு மிகவும் பழகியவை. கூட்டத்தின் முன் நிற்கும் துணிவு, ல-ள-ழ பிசகாத உச்சரிப்பு, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் ஆகிய மூன்றையும் சிறு வயதிலேயே தருவதில் இதற்கு இணை கிடையாது. ஆனால் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த பத்து வரியும் போய்விடும். தலைப்பும் அணியும் வேறு யாரோ முடிவு செய்தவை. கைதட்டல்தான் அளவுகோல். கோப்பைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் இளைஞர் நேர்முகத் தேர்வில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்குத் தடுமாறுவதில் எனக்கு வியப்பில்லை. சொந்தமாக யோசித்துக்கொண்டே பேசும் பழக்கம் அவருக்கு அங்கே கிடைக்கவே இல்லை.

அந்தக் குறையை நேராகச் சரிசெய்வது டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பயிற்சி மன்றம். 1924-இல் கலிபோர்னியாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கியது. இன்று உலகமெங்கும் கிளைகள். தயாரித்த பேச்சுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் நேரத்தைக் காட்டும். திடீரென ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். ‘வந்து’, ‘அதாவது’ என்று எத்தனை முறை இழுத்தோம் என்று எண்ணிச் சொல்ல ஒருவர், பேச்சு முழுவதையும் மதிப்பிட்டுச் சொல்ல இன்னொருவர். நம் ஊரில் மேடையை விட்டு இறங்கியதும் ‘நன்றாகப் பேசினீர்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எது நன்றாக இல்லை என்பதை மரியாதையோடு சொல்லும் ஏற்பாடு இதுதான், அதற்காகவே இதை மதிக்கிறேன். கும்பகோணம், மன்னார்குடியில் இருப்பவர் திருச்சிக்குப் பஸ் ஏறலாம், அல்லது இணையவழிக் கூட்டங்களில் சேரலாம். பல மன்றங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, சந்தாவும் உண்டு. அதைவிடப் பெரிய குறை, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பேசப் பழக வந்தவர்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு எதையும் செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

அந்தக் கடமை உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். வேளாண்மை, நீர்வளம், கூட்டுறவு, நுகர்பொருள் வாணிபக் கழகம் என எல்லாத் துறை அலுவலர்களும் எதிரில் இருப்பார்கள். உங்கள் முறை வரும்போது கிடைப்பது ஓரிரு நிமிடம். ஒருவர் எழுந்து ‘விவசாயி நாட்டின் முதுகெலும்பு’ என்று ஆரம்பித்து, காவிரியின் பெருமைக்குப் போய், மேட்டூர் திறப்பை எட்டும்போது மைக் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. இன்னொருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் ஐந்து நாட்களாகச் சாக்கு இல்லை. 800 மூட்டை நெல் வெளியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், மழை வரப்போகிறது. நாளைக்குள் சாக்கு வேண்டும்.” அரை நிமிடம்கூட ஆகாது. ஆட்சியர் உரிய அலுவலரைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். இதில் அலங்காரம் இல்லை, எதுகை இல்லை. இடமும் அளவும் காலக்கெடுவும் இருக்கின்றன. பயனுள்ள பேச்சு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தைரியமும் இங்கேதான் வேரூன்றுகிறது, ஏனென்றால் நெல் நனைந்துவிடுமே என்ற கவலை முன்னால் நிற்கும்போது நம்மை எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம் பின்னால் போய்விடுகிறது.

நிலம் இல்லாதவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், மே 1, சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூட்டம் நடத்துவதாகத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சொன்னது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறலாம். மேடையில் கிடைக்கும் கைதட்டலுக்கு அந்த ஆயுள் இல்லை.

இவ்விரண்டிலும் உள்ள ஆபத்தை மறைக்கக் கூடாது. யாரும் உங்கள் பேச்சைத் திருத்த மாட்டார்கள். குறுக்கே கத்துவார்கள். பெண் எழுந்தால் ‘உட்காரம்மா’ என்று அடக்கப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முதல் அனுபவமே அப்படி அமைந்தால் மறுபடி வாயைத் திறக்க மனம் வராது. அதனால் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பது, அங்கே எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று தொடங்குவது பெண்களுக்கு நல்ல வழி. தெரிந்த முகங்கள், ஆனால் பணக்கணக்கு என்பதால் மழுப்ப முடியாது.

கைபேசியில் பதிவு செய்து கேட்பது செலவில்லாதது. வேகம், இழுப்பு, வரி முடிவில் தேயும் குரல் ஆகியவை தெரிந்துவிடும். ஆள் முன்னால் நிற்கும் பயத்துக்கு அது மருந்தல்ல.

பள்ளிப் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டியே போதும், உரையை அவர்களே எழுதினால். வேலை தேடுபவருக்குப் பயிற்சி மன்றம். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது, கைபேசியில் இரண்டு நாள் பழகிவிட்டு நேரே குறைதீர் கூட்டம் அல்லது கிராம சபை. முதல் வரியை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு பொதுவாகத் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு எதிரில் இருப்பவருக்குத் தெரிவதும் இல்லை. சொல்லப்போவதை மனுவாகவும் எழுதி, ஒரு நகலோடு கொண்டுபோங்கள். பேச்சு பாதியில் நின்றாலும் மனு மேசைக்குப் போய்விடும். அடுத்த மாதம் அந்த மனு எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம்.