'ஒரிஜினல்' ஏர் ரைபிள் ஸ்பேர் செட்: மாட்டும் முன் அளந்து பாருங்கள்

மெயின் ஸ்பிரிங், பிஸ்டன் சீல், பேரல் ஓ-ரிங், சியர் (டிரிகரை இழுக்கும்வரை பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கி) நான்கையும் சேர்த்து 'ஒரிஜினல் செட்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். எங்களுக்கு வந்த செட்டில் உருப்படியாக இருந்தது ஓ-ரிங் மட்டும்தான். பெட்டியும் ஸ்டிக்கரும் என்னவோ பிரமாதம்.

ஸ்பிரிங்கில்தான் பெரிய ஏமாற்று. விளம்பரத்தில் கம்பித் தடிமன் 3.0 மி.மீ., 32 சுற்று. வெர்னியர் வைத்தால் 3.2 மி.மீ. 0.2தானே என்று விட முடியாது. சுற்றுகள் ஒட்டும்வரை அமுக்கினால் 3.0 கம்பி சுமார் 96 மி.மீ. உயரத்தில் நிற்கும், 3.2 கம்பி 102-ஐத் தாண்டிவிடும். காக் செய்த நிலையில், அதாவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கிய நிலையில், உள்ளே 100 மி.மீ. இடம்தான் என்றால், பிஸ்டன் சியரில் மாட்டவே மாட்டாது. விவரம் தெரியாமல் பலத்தைப் போட்டு இழுத்தால் லிவர் வளையும். இதைக் கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "பவர் ஜாஸ்தி சார்!" விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும், மற்ற அளவுகள் மாறாவிட்டால் இங்கே ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. அது குண்டின் வேகமாக அப்படியே வந்து சேராது, ஒரு பகுதி உதறலாகப் போகும்.

இன்னொன்று, அமுக்கி நிலைப்படுத்தாத ஸ்பிரிங். நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்பிரிங் கம்ப்ரஸரில் சுற்றுகள் ஒட்டுவதற்குச் சற்று முன்வரை இறுக்கி, ஓர் இரவு விட்டு மறுபடி அளங்கள். நல்ல ஸ்பிரிங் சில மி.மீ. குறையும். இது 18 மி.மீ. குறைந்தது. முனைகளும் தட்டையாகக் கிரைண்ட் செய்யப்படவில்லை. கண்ணாடி மேல் நிறுத்தினால் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த ஸ்பிரிங், தனக்குள் நிற்கும் கைடைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

சீலின் உதட்டில் மோல்டுப் பிசிறு இருந்தது, விரலில் லேசாக ஒட்டவும் செய்தது. ஒட்டுகிறது என்றால் பாலியூரித்தேன் கெட ஆரம்பித்துவிட்டது. பிஸ்டனில் பொருத்தி, ஸ்பிரிங் இல்லாமல் சிலிண்டருக்குள் விட்டு, சிலிண்டர் முனையில் உள்ள காற்றுத் துளையை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள். காற்று மெத்தை போல எதிர்க்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் சுடும்போது பிஸ்டன் சிலிண்டரின் முனைச் சுவரில் மோதும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் முறியும். கூடவே வந்த கிரீஸைத் தூக்கி எறியுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு புகையும் வெடிச்சத்தமுமாகச் சீலைக் கருக்கிவிடும்.

சியர் விஷயத்தில் சமரசமே வேண்டாம். வேலை செய்யும் விளிம்பைத் தொடாமல், பக்கவாட்டில் மெல்லிய அரத்தை ஓட்டுங்கள். கடினப்படுத்திய எஃகில் அரம் வழுக்கும். இதில் வெண்ணெயில் போல இறங்கியது. இப்படிப்பட்ட விளிம்பு சீக்கிரம் மழுங்கி, பேரல் திறந்திருக்கும்போதே தானாக விடுபடலாம். பேரல் சட்டென்று மேலே வரும்போது குண்டு போடும் விரல் அங்கே இருந்தால் போச்சு. எந்த சியராக இருந்தாலும் குண்டு போடும்போது மறு கை பேரலை விடக் கூடாது.

வாங்கும் முன், கம்பி மேல் வெர்னியர் வைத்த படமும் முனைகளின் படமும் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.