குடுக்கையா, கம்பிக்கூண்டா: ஊதாத் தகைவிலான் குஞ்சுகளுக்கு எது காவல்?

வட அமெரிக்காவில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, ஊதாத் தகைவிலான் (Purple Martin) என்ற பறவைகள் ஏறக்குறைய முழுவதும் மனிதர்கள் மாட்டிவைக்கும் கூடுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. சோக்டா, சிக்கசா பழங்குடியினர் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கம்பத்தில் தொங்கவிட்ட காலத்திலிருந்து வரும் உறவு இது. பறவைக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதால், கூடு வைத்தவருக்குப் பொறுப்பும் உண்டு. திறந்த வெளியில், ஒரே கம்பத்தில், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் குஞ்சுகளை வரிசையாக வைப்பது ஆந்தைக்கும் வல்லூறுக்கும் பந்தி விரிப்பதற்குச் சமம். அந்தப் பந்தியை எப்படித் தடுப்பது என்பதே இங்கே கேள்வி.

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள எங்கள் வீட்டுப் பின்புறத்தில் முதலில் இருந்தது கம்பிக்கூண்டு போட்ட அலுமினிய வீடு. இப்போது இருப்பவை சுரங்க வாசல் வைத்த பிளாஸ்டிக் குடுக்கைகள். இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகு என் சாய்வு குடுக்கையின் பக்கம்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

சிலவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிளாஸ்டிக் ஆந்தைப் பொம்மை பயனற்றது. அசையாத பொம்மையைப் பறவைகள் விரைவில் கண்டுகொள்ளும். பாம்பும் ராக்கூன் என்ற மரமேறும் விலங்கும் ஏறாதபடி கம்பத்தில் தடுப்பு மாட்டுவது எந்தக் கூடாக இருந்தாலும் கட்டாயம். கம்பத்துக்கும் மரங்களுக்கும் இடையே 12 மீட்டராவது இருக்க வேண்டும், 18 இருந்தால் இன்னும் நல்லது. கூப்பர் வல்லூறு மரத்தின் மறைவிலிருந்துதான் பாய்ந்து வரும். துப்பாக்கி என்ற பேச்சே வேண்டாம். வல்லூறு, ஆந்தை, காகம் எல்லாமே 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றுக்கும் குஞ்சுகள் உண்டு.

எதிரி எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் தடுப்பை எடைபோட முடியும். ஆந்தை இரவில் வந்து கூட்டின் மேல் அமர்ந்து இறக்கைகளை அடிக்கும். பயந்து வெளியே பாயும் தாய் தந்தையரைப் பிடிக்கும். இல்லையென்றால் வாசலுக்குள் காலை விட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுக்கும். காலையில் வாசலில் தொங்கும் வைக்கோலும் தரையில் கிடக்கும் இறகுக் கொத்தும்தான் நமக்குக் கிடைக்கும் தடயம். வல்லூறும் காகமும் பகலில் வருபவை. வளர்ந்த குஞ்சுகள் பசியில் வாசலுக்கு வந்து தலையை நீட்டும் வேளைதான் அவற்றுக்கு வாய்ப்பு.

பழைய அலுமினிய வீடுகளின் அறை 15 சென்டிமீட்டர் நீளம், அதே அளவு அகலம். ஆந்தையின் காலுக்கு அந்த அறையில் எட்டாத மூலை என்று ஒன்று இல்லை. ஆகவே வீட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போடுகிறார்கள். தகைவிலான் புகுந்து போகும், பெரிய பறவை புகாது. வாசலிலிருந்து தள்ளி நிற்பதால் கால் நீட்டினாலும் எட்டாது. காவல் என்ற வகையில் கூண்டைக் குறை சொல்ல முடியாது. பகலில் வாசலில் உட்கார்ந்திருக்கும் குஞ்சுக்கும் அது அரண். இந்த ஒரு விஷயத்தில் கூண்டு குடுக்கையை மிஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடுக்கையின் உத்தி வேறு. வாசலுக்கு வெளியே ஒரு குட்டிச் சுரங்கம் நீட்டியிருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் குடுக்கையின் ஆழம். தகைவிலான் கூடு கட்டுவது பின்பக்கத்தில். ஆந்தையின் கால் சுரங்கத்தை நிறைத்துவிடுவதால், வளைந்து திரும்பிக் குஞ்சைத் துழாவ இடமிருக்காது. காற்றில் ஆடும் குடுக்கையின் வழுக்கும் மேற்பரப்பில் கால் ஊன்றுவதும் அதற்குச் சிரமம்.

இதுவரை இரண்டும் ஏறத்தாழ சமம். என் முடிவைத் தீர்மானித்தது கூட்டுச் சோதனை.

தகைவிலான் வளர்ப்பவர் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை கம்பத்தை இறக்கி, ஒவ்வொரு அறையையும் திறந்து பார்க்க வேண்டும். அழுக்கையும் பூச்சியையும் பார்ப்பது ஒரு பக்கம். கூட்டைப் பறித்துக்கொள்ளும் ஸ்டார்லிங் பறவையும் சிட்டுக்குருவியும் குடியேறிவிட்டனவா என்று பார்ப்பதும் அப்போதுதான். (ஊரில் நாம் காணாமல் ஏங்கும் அதே சிட்டுக்குருவி, இங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை, தகைவிலானின் முட்டையைக் குத்தி உடைப்பது அதன் வழக்கம். மனம் ஒப்பவில்லை என்றாலும் கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும்.) மழையில் நனைந்து ஊறிய கூட்டை மாற்றி உலர்ந்த மரச்சுருள் வைப்பதும், எடை குறைந்த குஞ்சைக் கண்டுபிடிப்பதும் இந்தச் சோதனையில்தான் நடக்கும். இரவில் ஆந்தை வந்துபோனதா என்பதும் இதில்தான் தெரியவரும்.

கூண்டு போட்ட வீட்டில் இந்த வேலை நாளடைவில் சுமையாகிறது. கம்பியின் எடை, கூட்டை ஏற்றி இறக்கும் கைச்சுழல் கருவியான வின்ச் மேல் ஏறுகிறது. மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துப் புயல்காற்றில் அகன்ற கூண்டு அதிகமாக ஆடுகிறது. கொக்கிகளைக் கழற்றி, கூண்டை விலக்கி, அதற்குப் பிறகுதான் கதவைத் தொட முடியும். பல வீடுகளில் ஒரே கதவைத் திறந்தால் பல அறைகள் ஒன்றாகத் திறந்துவிடும். ஒரு அறையில் ஐந்து நாள் குஞ்சு, பக்கத்து அறையில் இருபத்து நான்கு நாள் குஞ்சு என்றால், மூத்தது மிரண்டு வெளியே குதித்துவிடும். பொரித்து 22 நாட்கள் கடந்த குஞ்சுகளின் அறையைத் திறக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. அவை பறக்கத் தயாராக இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். இத்தனை தொல்லைக்கும் பயந்து மனிதர்கள் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு விட்டே விடுகிறார்கள். வெளியே கூண்டு பத்திரமாக நிற்க, உள்ளே ஈரக் கூட்டில் குஞ்சுகள் ஒட்டுண்ணிக்கு இரையாகும் நிலை எனக்குப் பொறுக்க முடியாதது.

குடுக்கையில் பக்கவாட்டு மூடியைத் திருகினால் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் தொடுகிறோம். மூத்த குஞ்சுகள் இருக்கும் குடுக்கையின் வாசலில் துணியைச் செருகிவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம்; முடிந்ததும் துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். பருவம் முடிந்ததும் கழுவிக் காயவைத்து அடுக்குவதும் எளிது. காவலும் பராமரிப்பும் ஒன்றையொன்று தடுக்காமல் இருப்பதுதான் இதன் பெரிய நன்மை.

குறைகளும் உண்டு. கம்பம், வின்ச், ஒரு டஜன் குடுக்கைகள் என்று வாங்கினால் பல நூறு டாலர் ஆகும். ஸ்டார்லிங் புகாத பிறைவடிவ வாசலில், உள்மேடையும் வெளிமேடையும் வாசலின் அடிவிளிம்போடு ஒட்டி இல்லையென்றால் பறவையின் இறக்கை சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை தகைவிலான்களே வராத இடம் என்றால், முதலில் சாதாரண வட்ட வாசலில் தொடங்கி, அவை பழகியதும் மாற்றுவது நல்லது.

எங்கள் பக்கம் தொல்லை பெரும்பாலும் ஆந்தையால்தான். காகம் அதிகம் இல்லை. எனவே பகல் எதிரிகளைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க வாயில்வரை வந்து எட்டிப் பார்க்கும் குஞ்சைக் காகம் கொத்தி இழுக்காது என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. காகங்கள் கூட்டமாகத் திரியும் இடத்தில் குடுக்கை வரிசையைச் சுற்றியும் கம்பி போடுபவர்கள் உண்டு; அங்கே அதுவே சரியாக இருக்கலாம்.

அலுமினிய வீடு ஏற்கெனவே நிற்கிறது, அதைத் தூக்கி எறிய மனமில்லை என்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள தடுப்பை எடுத்து, ஒரு வாசலை அடைத்துவிட்டால் 30 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். குடும்பங்களின் எண்ணிக்கை பாதியாகும். ஆனால் பின்மூலையில் இருக்கும் குஞ்சுகளை எட்டுவது கடினமாகும். எதைச் செய்வதானாலும் டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஜனவரிக் கடைசியில் பிரேசில் பக்கமிருந்து முதல் ஆண் பறவைகள் டெக்சஸின் தென்பகுதிக்கு வரத் தொடங்கிவிடும்.