கோவை – டில்லி: விமானமா, ரயிலா?

கோவையும் டில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77 பாகையில் இருக்கின்றன. பீளமேட்டில் கிளம்பும் விமானம் நேர் வடக்கே போனால் போதும். வான்வழித் தூரம் சுமார் 1,950 கி.மீ., நேரடி விமானத்தில் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் திருப்பூரிலிருந்து போகும் எங்களுக்குக் கணக்கு வேறு. அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம், இரண்டு மணி முன்னதாக விமான நிலையம், இறங்கியபின் பெட்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரம் ஆகிவிடும்.

ரயில் சுற்றிக்கொண்டுதான் போகும். வாரம் ஒருமுறை ஓடும் கொங்கு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழிய வேண்டும். ஆனால் ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ கொண்டுபோகலாம், விமானத்தில் பெரும்பாலும் 15தான். பனியன் சாம்பிள் மூட்டையோடு போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

அவசரமென்றால் விமானம், சரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் ரயிலைத்தான் எடுத்தேன். புளிசாதத் தூக்குப்போசியைத் திறந்ததும் எதிர் சீட்டு இந்திக்காரப் பாட்டி கை நீட்டினார். நாக்பூர் வருவதற்குள் இருவரும் பாஷை இல்லாமலே சிநேகமாகிவிட்டார்கள்.