பத்தமடைக் கல்யாணப் பாய்: பெயர் நெய்தது வேண்டுமா, வெறும் பாய் போதுமா?

கல்யாணச் சீருக்குப் பத்தமடைப் பாய் வாங்க நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணமக்களின் பெயரும் முகூர்த்தத் தேதியும் நெய்த பட்டுப்பாய் பார்க்க அழகானது. கைவேலையும் அதில் கூடுதல். ஆனால் அதே பணத்துக்கு எழுத்து எதுவும் இல்லாத, இன்னும் நயமான நெசவுள்ள பாய் ஒன்றை வாங்குவதே நல்லது. அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பெயர் நெய்த பாய் ஒன்றும், எங்கள் வீட்டுப் புழக்கத்துக்கு எழுத்தில்லாத பாய் ஒன்றும் வாங்கி, இரண்டையும் போதிய காலம் பார்த்துவிட்ட பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியை ஒட்டியுள்ள பேரூர் பத்தமடை. தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால்வாய் பாயும் பகுதி அது. சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். மற்ற எல்லோருக்கும் பாய்தான். 1953-இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போன கதையை ஊருக்குள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கேட்கலாம். பிற்பாடு புவிசார் குறியீடும் கிடைத்தது. நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். தொழுகைப் பாய் நெய்யும் அதே கைகள்தாம் இந்து வீட்டுக் கல்யாணத்தின் நலங்குப் பாயையும், கிறிஸ்தவ வீட்டுச் சீர்ப் பாயையும் நெய்து தருகின்றன. அங்கே இதை யாரும் பெரிய செய்தியாகச் சொல்வதில்லை; வெளியூர்க்காரர்கள்தாம் வியக்கிறோம்.

தென்மாவட்டங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரங்களோடு பாயும் தலையணையும் இன்றும் இடம்பெறுகின்றன. நலங்கில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டச் சொல்வது பாய் விரித்துத்தான். பிறந்த குழந்தையைக் கிடத்தத் தடுக்கு, விருந்துக்கு உட்காரப் பந்திப்பாய், திண்ணைக்கு ஒரு பாய், பெரியவர்கள் படுக்க ஒரு பாய் என்று வீட்டுக்குள் பல தரங்களில் பாய் கிடந்த காலத்தில், கல்யாணப் பாய்தான் அவற்றுள் உசத்தி. இப்போது கட்டிலும் மெத்தையும் சீரிலேயே வந்துவிடுவதால், பாய் என்பது சடங்குக்கு மட்டும் வாங்கும் பொருளாக ஒடுங்கிவிட்டது. வாங்குகிறவர்கள் நெசவைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

பட்டுப்பாய் என்றதும் பட்டு நூலால் நெய்தது என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. அப்படியில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடை கோரை. கோரையை மயிரிழை போலக் கிழித்து நெய்வதால் பாய் பட்டுத் துணியைப் போல வளைந்து கொடுக்கிறது. ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, கட்டுக் கட்டாகத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடி உலர்த்தி மேலும் மெல்லிசாகக் கிழிக்கிறார்கள். சாதாரணப் பாய்க்குத் தண்டின் உள்ளே இருக்கும் சோறு அப்படியே இருந்தால் போதும். பட்டுப்பாய்க்கோ சோற்றை வழித்தெடுத்துவிட்டு மேல்தோலை மட்டுமே இழையாக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் கழிவாகப் போய்விடும் போலிருக்கிறது என்று நான் சொன்னபோது, கிழித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே, “கழிக்கத் தெரிஞ்சாத்தாம்மா பாயி” என்றார்.

தறி என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. தரையை ஒட்டி நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு, அதைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் கம்புகள், பாவு நூல்கள் நுழைந்து வரும் மரத்தாலான அச்சு, ஊடையை இழுத்துச் செல்ல நீண்ட ஊசி போன்ற குச்சி, அவ்வளவுதான். பாவின் மேல் குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்து, நெய்ய நெய்ய முன்னால் நகர்ந்து போகிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் இழையை நுழைத்து, நுனியைப் பாவின் ஓரத்தில் மடக்கி, அச்சை இழுத்து இரண்டு தட்டுத் தட்டி, விரல் நகத்தால் ஓரத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த இழைக்குக் கை போனது. அத்தனைக்கும் பாய் வளர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. நயமான பாய் ஒன்று முடிய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பது அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே விளங்கிவிடும்.

இழை எவ்வளவு நெருக்கம் என்பதைக் கவுண்ட் கணக்கில் சொல்கிறார்கள். 50 என்றால் முரட்டுப் பாய். 100-க்கு மேல் போனால் பட்டுப்பாய். 120, 140 என்பவை உச்சம். எங்கள் வீட்டுப் புழக்கத்துக்கு வாங்கிய எழுத்தில்லாத பாய் இந்த மேல்தரத்தைச் சேர்ந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கும் ஓட்டை தெரிவதில்லை. சுருட்டினால் கையடக்கமாகிறது, விரித்தால் மூலை தூக்காமல் தரையோடு படிகிறது. கோரைப்பாயில் படுத்து எழுந்தால் முதுகில் வரிவரியாகப் பதியுமே, அது இதில் இல்லை. சித்திரை வெயிலில் மெத்தை அனலாகக் கொதிக்கும் இரவுகளில் இதன் அருமை தெரிகிறது. வந்த புதிதில் இளம்பச்சை சாயலோடு இருந்த பாய், புழங்கப் புழங்கப் பொன்னிறம் ஏறி, பளபளப்பும் கூடியிருக்கிறது. புல்லின் மணம் முதல் கோடையோடு போய்விட்டது. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

இனி, பெயர் நெய்த பாய்க்கு வருகிறேன். இரு பக்க ஓரங்களிலும் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள். நடுவில் மணமகள் பெயர், மணமகன் பெயர், கீழே தேதி. கல்யாண மண்டபத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே விரித்து வைத்தபோது எல்லோரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். எங்கள் மதினிக்குப் பெருமை தாளவில்லை. எழுத்து அமைந்த விதத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாவும் ஊடையும் நேர்க்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுபவை; அவற்றில் தமிழ் எழுத்தின் வளைவைக் கொண்டுவர வேண்டுமானால் படிப்படியாக ஏற்றி இறக்கித்தான் ஆக வேண்டும். ட, ப, ம ஆகியவை அச்சில் வார்த்தாற்போல வந்துவிடுகின்றன. ணகரமும் ழகரமும் இகரக் குறியும்தான் நெய்பவரைப் பாடாய்ப் படுத்துகின்றன. எங்கள் பெண்ணின் பெயரில் இருந்த ழகரத்தின் கீழ்ச்சுழியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக இறங்குகிறது. நான்கடி தள்ளி நின்றால் வளைவாகிவிடுகிறது. இது நேர்த்திதான்.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் எழுதிய பாயில் யாரும் படுப்பதில்லை. மணமக்கள் பெயர் மேல் காலை வைப்பதா என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். நலங்கு முடிந்ததும் பாய் சுருட்டப்பட்டுப் பரண் ஏறுகிறது, அல்லது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பாய்க்கு அது நல்லதல்ல. நாள்பட ஒரே இறுக்கத்தில் சுருண்டு கிடக்கும் கோரை, விரிக்கும்போது முறிகிறது. காற்றுப்படாமல் கிடந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. புழக்கத்தில் இருக்கும் பாய்க்குத்தான் ஆயுசு கெட்டி. போதாக்குறைக்கு, பெயர் நெய்யப் பிடிக்கும் கூலியை ஈடுகட்ட வாங்குகிறவர்கள் கவுண்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் கொடுத்த பணத்துக்குள் அடங்க அப்படித்தான் செய்தோம். இரண்டு பாய்களையும் அருகருகே விரித்துக் கையால் தடவினால், எது உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பெயர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாயின் நடுவில் போடாமல் தலைமாட்டு ஓரப் பட்டைக்குள் சிறிதாக நெய்யச் சொல்லலாம். படுக்கவும் தயக்கமிராது, சடங்குக்கும் குறைவிராது. சொல்லும்போது பெயர்களைத் தாளில் பெரிதாக எழுதி, இனிஷியல் வேண்டுமா, தேதி ஆங்கிலத் தேதியா தமிழ் மாதமா என்பதையெல்லாம் முடிவு செய்துகொண்டு கொடுக்க வேண்டும். போனில் சொல்வதில் னகரமும் ணகரமும் இடம் மாறிவிட்டால் பிரித்து நெய்வது நடவாத காரியம்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையை வேகவைத்துத்தான் கோரைக்கு நிறமேற்றினார்கள். செக்கச்செவேல் என்று இராமல், காவியும் அரக்கும் கலந்த அடக்கமான சிவப்பு அது. இன்று பெரும்பாலும் கடைச் சாயம். எடுத்த எடுப்பில் பளிச்சென்று இருக்கும். கடைச் சாயம் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை, நன்றாகக் காய்ச்சி ஏற்றியிருந்தால் அதுவும் நிற்கும். வாங்கும்போது வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, நிறப் பட்டையின் மேல் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் அந்தப் பாய் விரிக்கும் இடத்தில் வெள்ளைப் போர்வை போடக் கூடாது. எங்கள் கல்யாணப் பாயில் சிவப்பு நின்றது. பச்சை இலேசாக ஒட்டியது. எழுத்தில்லாத பாய்க்குக் கரையில் மட்டும் மெல்லிய அரக்குக் கோடு கேட்டு வாங்கியதால் அந்தத் தொல்லையே இல்லை.

பத்தமடை என்ற பெயரை ஒட்டி விற்கப்படும் எல்லாம் பத்தமடை அல்ல. பெயர் பெற்ற இணைய அங்காடி ஒன்றில் பத்தமடைப் பட்டுப்பாய் என்று போட்டிருந்ததை நம்பி உறவினர் ஒருவர் வரவழைத்த பாயைப் பிரித்ததும் பாவில் நைலான் இழை மின்னியது. விசைத்தறியில் நெய்த பாய் அது. கரூர், முசிறி, வந்தவாசிப் பக்கத்துக் கோரைப்பாய்கள் அந்தந்த விலைக்கு நன்றாக உழைப்பவை. அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்பதுதான் மோசடி. பாயின் ஓரத்துத் துணியை இலேசாக விலக்கிப் பாவு நூலைப் பாருங்கள். பருத்தி நூலென்றால் பிசிறும், நைலான் வழுக்கும். கைநெசவில் இழைக்கு இழை நிறம் இம்மியளவு மாறும். ஓரத்தில் கோரையின் நுனி பாவுக்குள் மடங்கி ஏறியிருக்கும். முழுப் பாயும் ஒரே அச்சாக, ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படலாம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலத்திலும் கையால் அருமையான புல்பாய் நெய்கிறார்கள். அதன் அழகு நிறக் கோலத்தில், பத்தமடையின் அழகு மெல்லிழையில். இரண்டையும் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராது.

விலை பற்றி எழுதாவிட்டால் மதிப்புரை நிறைவாகாது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கோரைப்பாய் கிடைக்கும்போது இதற்கு ஆயிரங்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கவுண்ட் ஏற ஏற விலையும் ஏறுகிறது. நெய்பவரின் உழைப்பைக் கணக்கிட்டால் அது அதிகமே இல்லை என்பது என் கட்சி. பக்கத்து ஆற்றங்கரையில் கோரை குறைந்துபோய், வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கிவர வேண்டிய நிலையும் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்: பேரம் பேசாதீர்கள், ஆனால் கவுண்ட் எத்தனை, பாவு என்ன நூல், சாயம் எது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஊருக்கே போய் நெய்பவர் வீட்டிலோ அவர்களின் கூட்டுறவு அமைப்பிலோ வாங்குவது நல்லது. போக இயலாதவர்கள் அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். பெயர் நெய்ய வேண்டுமென்றால் நேரில் சொல்வதே தோது.

பராமரிப்பு சுலபம். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். “தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது, வெயில்ல மட்டும் போட்டுராதீக, சாயம் வெளுத்துரும், கோரையும் மொறமொறன்னு ஆயிரும்” என்று நெய்து கொடுத்த அம்மா சொல்லியனுப்பினார். மடிக்கக் கூடாது, தளர்வாகச் சுருட்ட வேண்டும். பாவு பருத்தி என்பதால் ஈரம் உள்ளே தங்கிவிடும். அடைமழை நாள்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது விரித்துக் காற்றாட விட வேண்டும். சுருளுக்குள் உலர்ந்த வேப்பிலை வைத்தால் பூச்சி அண்டுவதில்லை. ஓரத்தில் தைத்திருக்கும் துணிதான் முதலில் நைந்துபோகும். அதை உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தை மாத முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டும் என்பவர்கள் புரட்டாசிக்குள் சொல்லி வைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை உலராது, சாயமும் சரியாக ஏறாது. மார்கழியில் போய் நின்றால், யாரோ சொல்லிவைத்து வாங்காமல் விட்ட பாயோ, அவசரத்தில் இழை தளர நெய்ததோதான் கைக்கு வரும்.