சீட் கம்பி நகர்கிறதா என்று முதலில் பாருங்கள்

எட்டு மாதமாக வேலைக்குப் பழைய ரோடு சைக்கிளில்தான் போய் வருகிறேன். வீடு லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்தில், வேலை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தில். ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர், அப்பா கணக்கில் சொன்னால் ஐந்தரைக் கட்டை, அதாவது மைல். வீட்டில் இருந்த மோட்டாரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, என்னைவிட அவளுக்குத்தான் அது தேவை. இப்போது தோட்டத்திலேயே மூன்று பேர் எங்கே வாங்கினாய், எவ்வளவு ஆனது என்று கேட்டுவிட்டார்கள். அதனால் விற்ற கடை, சரி செய்த கடை, சைக்கிள் மூன்றையும் பற்றி ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

விற்ற கடை ஈப்போ பக்கம். பெயர் வேண்டாம். ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் நாற்காலி, தட்டு, கிட்டார், பொம்மை எல்லாவற்றோடும் சைக்கிளையும் குவித்து வைத்திருப்பார்கள். கூடை வைத்த சைக்கிள்தான் அதிகம், அவற்றுக்கு நடுவில் இது சாய்ந்து கிடந்தது. மெல்லிய இரும்புக் குழாய், வளைந்த ஹேண்டல், கியர் மாற்றும் பிடி இரண்டும் ஹேண்டலிலிருந்து பெடலுக்குச் சாயும் கீழ்க்குழாயில். கம்பெனிப் பெயர் உரிந்துபோயிருந்தாலும் சீட் குழாயில் தாங்கே என்ற ஜப்பான் குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர் பாதி தெரிந்தது, ஜப்பானில் சைக்கிள் திருட்டைத் தடுக்க ஒட்டும் பதிவு ஸ்டிக்கரும் அப்படியே இருந்தது. பின்பக்க கியர் மாற்றி ஷிமானோ. அதைத் திருப்பிப் பார்த்தால் 'எச் இ' என்று இரண்டு எழுத்து. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்களில் முதல் எழுத்து ஆண்டு, அடுத்தது மாதம். 1976க்கு 'ஏ' என்று தொடங்கி எண்ணினால் 'எச்' 1983, 'இ' மே மாதம். நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய சைக்கிள் என்று தெரிந்ததும் எனக்கு அதை விட்டுவிட்டு வர மனமில்லை.

பார்க்க வேண்டியதைப் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். முன்பக்கம் மோதிய சைக்கிள் என்றால் ஹேண்டல் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும், விரலால் தடவினாலே தெரியும், இதில் அப்படி இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக இருந்தது. சக்கரம் சுற்றியது. சீட்டை உயர்த்திப் பார்க்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினேன், அசையவில்லை. "கொஞ்சம் டைட்டா இருக்கும், வீட்டுல போய் எண்ணெய் விடுங்க, வந்துடும்" என்றார் கடைக்காரர். 450 வெள்ளி (ரிங்கிட்) சொன்னதை 380க்குப் பேசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வரவில்லை. ஒரு வாரம் எண்ணெய் விட்டேன், வெந்நீர் ஊற்றினேன், தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினோம். அப்புறம் சீட்டைத் தாங்கும் கம்பியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தால், உள்ளே ஸ்பானர் கடித்த தழும்பு சுற்றிலும் இருந்தது. யாரோ ஏற்கெனவே முயன்று தோற்று, அதை மறைத்து டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் புதியது, தூசிகூடப் படியவில்லை. இதுதான் எனக்குக் கோபம். பழைய பொருள் பழையதாகத்தான் இருக்கும், அதில் எனக்குக் குறை இல்லை, தெரிந்த கோளாறை மூடி விற்பது வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 300க்கு வாங்கியிருப்பேன், மனமும் நிறைந்திருக்கும். ஃபோன் செய்தபோது விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதில்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி இருக்கிறது, நடுவில் கிரீஸ் காய்ந்து மழைத்தண்ணியும் வியர்வை உப்பும் இறங்கினால் இரும்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் அரித்து, அந்த அரிப்பு பொருமி இடைவெளியை அடைத்துவிடும். ஹேண்டலைத் தாங்கும் கம்பிக்கும் இதே கதைதான். நமக்குப் பாதி நாள் சாயங்காலம் மழை, காற்றிலேயே ஈரம், இங்கே இது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். சீட் உயரம் வேறு யாரோ ஒருவரின் காலுக்கு நின்றுவிட்டால் நீங்கள் தினம் 18 கிலோமீட்டர் மிதிக்க முடியாது, ஒரு மாதத்தில் முட்டி பேசும். டயர், செயின், பிரேக் எல்லாம் காசு கொடுத்தால் மாற்றலாம். இது மட்டும் ஃபிரேமையே கொண்டுபோய்விடும்.

சரி, சரி செய்த கடைக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பட்டணத்தில் சந்தைக்குப் பக்கத்து வரிசை, ஐந்தடியில், அதாவது கடை முன் நடைபாதையில், டயரும் டியூப்பும் மாலை மாதிரி தொங்கும் பழைய சீனர் கடை. அங்கிளுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் அப்பா காலத்திலிருந்தே தோட்டத்து ஆட்களின் சைக்கிள்தான் அவர்களுக்கு வியாபாரம், அதனால் அவர் பேசுவது நம் தோட்ட லயத்துத் தமிழ். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர்கள் ராலே சைக்கிளில் இரண்டு பக்கமும் வாளி மாட்டிக்கொண்டு போன காலத்தை அவரிடம் கேட்க வேண்டும், எந்தப் பாகம் முதலில் உடையும் என்பதுவரை சொல்வார். என் தாத்தாவும் அப்படி ஒரு ராலேயில்தான் போனார்.

சைக்கிளைப் பார்த்ததும் அங்கிள் விலை கேட்கவில்லை, சீட்டைத்தான் முதலில் பிடித்தார். "ஒட்டிக்கிச்சு தம்பி. அவசரப்பட்டா ஃபிரேம் போயிரும், விட்டுட்டுப் போ" என்றார். சைக்கிளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பெடல் அச்சைக் கழற்றிவிட்டு, அந்தக் குழி வழியாகச் சீட் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றினார். நான் வீட்டில் மேலிருந்து விட்ட எண்ணெய் வாயோடு நின்றுவிட்டது, இது அடியிலிருந்து ஏறும். நான்கு நாள் ஊறவைத்தார். ஐந்தாம் நாள் சீட்டைக் கழற்றி, கம்பியின் தலையைப் பெரிய இரும்புப் பிடியில் இறுக்கிவிட்டு, கம்பியைத் திருப்பாமல் ஃபிரேமையே இரண்டு கையால் பிடித்துத் திருப்பினார். ஃபிரேம் முழுவதும் நீளமான பிடியாகிவிடுகிறது, அதுதான் சூட்சுமம். கிறீச் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு நூல் அளவு நகர்ந்தது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் அசைத்து வெள்ளைப் பொடி கொட்டக் கொட்ட வெளியே எடுத்தார். நானும் அவர் மகனும் கைதட்டிவிட்டோம். பழைய கம்பி பாழ், புதியது 35 வெள்ளி, அளவு 26.8 மில்லிமீட்டர். இந்த அளவை அளவுகோல் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அரை மில்லி மெலிந்தாலும் கம்பி ஆடும், இறங்கும்.

அடுத்தது சக்கரம். 27 இஞ்ச் குரோம் பூசிய இரும்பு ரிம். பளபளப்பாகத்தான் இருந்தது, ஆனால் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும், நம் ஊர் மழையில் அது ஆபத்து. பழைய சைக்கிளில் ஒன்றே ஒன்றை மாற்றக் காசு இருக்கிறது என்றால் இரும்பு ரிம்மை அலுமினியமாக மாற்றுங்கள். அங்கிள் சக்கர நடுவில் இருக்கும் ஹப்பை வைத்துக்கொண்டு, 36 துளை உள்ள, சற்றுச் சிறிய 700சி அளவு ரிம்மில் புதிய கம்பிகளைக் கோர்த்துக் கொடுத்தார், இரண்டு சக்கரத்துக்கும் 72 கம்பி. ரிம் சிறிதாவதால் கம்பியின் நீளமும் மாறும், அதைத் துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டே வாங்கினார். 27 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், 700சியில் 622, அதனால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். என் பிரேக்கில் அதற்கு இடம் இருந்தது, எல்லாவற்றிலும் இருக்காது, வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த இடைவெளியில் 32 மில்லிமீட்டர் டயரும் மட்கார்டும் நுழைந்தன. தோட்டத்துச் செம்மண் சாலைக்கு அந்த அகலம் வேண்டும். கம்பி இழுத்த சக்கரம் எட்டு மாதத்தில் ஒருமுறைகூட ஆடவில்லை.

பெடல் அச்சில் குண்டு ஓடும் கிண்ணம் குழிவிழுந்திருந்தது, மூடிய பேரிங் உள்ளதாக மாற்றிவிட்டார், இனி அதில் தண்ணி எளிதில் இறங்காது. வீட்டில் செய்பவர்களுக்கு ஒன்று: ஜப்பான் சைக்கிளில் வலது பக்கக் கிண்ணம் எதிர்ப்புறம் திரும்பும், கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் இழுத்தால் மரை போய்விடும். செயின், பின் பல் சக்கரம், கேபிள் எல்லாம் புதிது. பல் சக்கரம் 14 பல் முதல் 28 பல் வரை கேட்டு வாங்கினேன், தோட்டத்து மேடு ஏற 28 இல்லாமல் முடியாது. கீழ்க்குழாய் பிடியில் கிளிக் கிடையாது, கையால் உணர்ந்து நகர்த்துவதுதான், அதனால் எந்தக் கம்பெனி பல் சக்கரம் போட்டாலும் வேலை செய்யும். பழைய சைக்கிளை இந்த ஊரில் வைத்துக்கொள்ள முடிவதற்கு அதுவே பாதிக் காரணம்.

பாகமும் கூலியும் சேர்த்து 701 வெள்ளி, அதில் கூலி 170 மட்டும். சைக்கிளோடு 1,081. கூலி குறைவு என்று எனக்கே தோன்றி 200 நீட்டினேன், மீதியைத் திருப்பிக் கையில் வைத்தார்.

ஓட்டும்போது எப்படி? காலையில் 35 நிமிடம். முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண், பிறகு தார். தார் வந்ததும் அது ஓடும் ஓட்டம் இருக்கிறதே, மெல்லிய இரும்புக் குழாய் சிறு குழியை எல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது, கை மரத்துப் போவதில்லை. கஷ்டம் இல்லாமல் இல்லை. கியர் மாற்ற ஒரு கையை எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் லோரி வரும்போது நான் மாற்றுவதே இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி போன பிறகு வளைவுகளில் உதிரிப் பழம் சிதறிக் கிடக்கும், மழையில் மிதிபட்டால் எண்ணெய் மாதிரி வழுக்கும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். செம்மண் தூசி செயினைத் தின்கிறது. 12 இஞ்ச் அளவில் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் மாற்றச் சொன்னார் அங்கிள், ஆறாம் மாதமே மாற்றினேன். நனைந்த நாளில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறேன், மாதம் ஒருமுறை சீட் கம்பியை உருவி கிரீஸ் தடவுகிறேன். மறக்க முடியுமா அதை.

கடையைப் பற்றிச் சில விவரம். ஞாயிறு மூடல். என் வேலைக்கு மூன்று வாரம் ஆனது, ரிம் வரக் காத்திருந்ததில் ஒரு வாரம், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. முன்பணம் கேட்பதில்லை, பழைய பாகத்தை எல்லாம் பையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். புதிய கார்பன் சைக்கிள், எண்ணெய் பிரேக் எல்லாம் அவர் தொடுவதில்லை, அதற்கு ஈப்போதான் போக வேண்டும்.

போன வாரம் போனபோது கடைக்குள் இன்னொரு ஜப்பான் ஃபிரேம் தொங்கியது, ஐந்தரை அடி ஆளுக்குச் சரியாக இருக்கும், அங்கிள் 250 சொல்கிறார். சீட் கம்பி நகர்கிறது, நானே உருவிப் பார்த்தேன்.