ஹேக்லர், மொன்சோன், ரொபின்சன்: 160 றாத்தலில ஆர் ஆரை வெல்லுவினம்?

குத்துச்சண்டையில 160 றாத்தல் நிறைப் பிரிவில (மிடில்வெயிட்) ஆர் பெரிய ஆள் எண்டு எங்கட வீட்டில ஒரு தர்க்கம் இருபது வருசத்துக்கு மேல ஓடுது. பெரியப்பாவுக்கு சுகர் ரே ரொபின்சனை விட்டா வேற ஆள் இல்லை. 57இல வெள்ளைக்கார நேவி திருகோணமலையை விட்டுப் போக முதல், மாலுமியள் கயிறு கட்டிக் குத்துப்படுறதை மதிலுக்கு மேல ஏறி இருந்து பாத்த மனுசன் அவர். அத்தான் கொலொவ்கின்ர ஆள். நான் மார்வின் ஹேக்லர். பின்னேரம் டச்பே கடற்கரையில போய் இருந்தா கச்சான் சுருள் முடியுறதுக்குள்ள மூண்டு பேரும் மூண்டு பக்கம். இந்த முறை எல்லாச் சண்டையையும் யூரியூப்பில திருப்பிப் பாத்திட்டு எழுதுறன், பாக்கேக்க என்ர ஆளைப் பற்றியே ஒரு விசயம் பிடிபட்டது, அதை ஒத்துக்கொள்ள எனக்கு ரெண்டு மூண்டு நாள் எடுத்தது.

முதல்ல சட்டத்தைப் பேசி முடிப்பம். ரொபின்சன், மொன்சோன் காலத்தில பட்டச் சண்டை 15 றவுண்ட், நிறை பாக்கிறதும் சண்டை நடக்கிற அண்டைக்கே. 1982இல டுக் கூ கிம் எண்ட கொரியாப் பெடியன் சண்டையில அடிபட்டுச் செத்த பிறகுதான் 12 ஆக்கினவை, அதுவும் எல்லா அமைப்பும் ஒரேயடியா மாத்தேல்லை. இப்ப முந்தின நாளே நிறை பாக்கினம், பிறகு தண்ணி குடிச்சு, சாப்பிட்டு, அடுத்த நாள் பத்துப் பதினைஞ்சு றாத்தல் ஏறின உடம்போட வந்து நிக்கிறவங்களும் இருக்கிறாங்கள். அப்ப ரெண்டு காலத்து ஆக்களை மோத விட்டா எந்தச் சட்டம் எண்டு சொல்லாமக் கதைக்கிறதில அர்த்தம் இல்லை. நான் எடுக்கிறது 15 றவுண்ட், அண்டைக்குக் காலமை தராசு, 160 றாத்தல்.

ஹேக்லர் - மொன்சோன். எனக்கு இதுதான் பெரிய சண்டை.

ஹேக்லர் ஏன் என்ர ஆள் எண்டா, அந்தாள் புரோவின்ஸ்டவுன் எண்ட கடற்கரை ஊரில, குளிர் காலத்தில, சனமில்லாத மணல் திட்டியில சப்பாத்தோட ஓடிப் பயிற்சி எடுத்தவர். நானும் பள்ளிக்கூடக் காலத்தில கொஞ்சம் பொக்சிங் பழகினவன், உப்புவெளியில விடிய விடிய மணலில ஓடினவன். காய்ஞ்ச மணலில நூறு யார் ஓடினாலே கெண்டைக்கால் கல்லாகிரும், கால் முன்னுக்குப் போகாது கீழ போகும். அதை வருசக்கணக்கா செய்த மனுசனை எனக்குப் பிடிக்காமப் போகுமே? 1980இல லண்டனில அலன் மின்டரை மூண்டு றவுண்டில முடிச்சுப் பட்டம் எடுத்து (வெண்டதுக்குப் பரிசா போத்தல் எறிஞ்சவங்கள், பட்டத்தைக் கையில வாங்காமலே ஓட வேண்டி வந்தது) 87 வரைக்கும் 12 தரம் காப்பாத்தினவர். 67 சண்டையில 62 வெற்றி, அதில 52 நொக்கவுட்.

மொன்சோன் ஆர்ஜென்டீனாக்காரர். 1970இல ரோமில, அப்ப பட்டம் வச்சிருந்த இத்தாலிக்காரர் பென்வெனூட்டியை 12ஆவது றவுண்டில விழுத்தினவர், அதுக்குப் பிறகு 14 தரம் பட்டத்தைக் காப்பாத்தி 77இல பட்டத்தோடயே விலகினவர். 64க்குப் பிறகு ஒருத்தரிட்டயும் தோக்கேல்லை, பதின்மூண்டு வருசம்! பாக்க ஒண்டும் விசேசமா இருக்காது. நிமிந்து நிப்பார், நீட்டு இடக்கை, பின்னால ஒரு நேர் வலக்கை, அவ்வளவுதான். முதல் தரம் பாத்தா இந்தாளிட்ட ஏன் எல்லாரும் தோத்தவை எண்டு விளங்காது. ரெண்டாந்தரம் எதிராளியின்ர காலைப் பாருங்கோ, அடிக்கப் போற நேரம் எல்லாம் அரை அடி தள்ளி நிக்கிறான், கிட்ட வந்தா மொன்சோன் ஒரு எட்டு பின்னுக்கு, அல்லது கையால தலையில அழுத்திக் கட்டிப் பிடிக்கிறார்.

ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள் ஒருத்தர் இருக்கிறார், பிலடெல்பியா பென்னி பிரிஸ்கோ. 67இல மொன்சோனோட சமன், 72இல தோத்தவர், ஆனா அந்தச் சண்டையில 9ஆவது றவுண்டில பிரிஸ்கோ அடிச்ச வலக்கையில மொன்சோன் ஆடிப் போனவர், பிடிச்சுக்கொண்டு தப்பினவர். 78இல ஹேக்லரும் பிரிஸ்கோவைப் புள்ளியில வெண்டவர், ஆனா அப்ப பிரிஸ்கோவுக்கு 35 வயசு, அதை வச்சு அளக்கிறது சரியில்லை. கொலம்பியாக்காரர் வால்டெஸும் மொன்சோன்ர கடைசிச் சண்டையில அவரை 2ஆம் றவுண்டிலயே விழுத்தினவர், மொன்சோன் எழும்பி வந்து 15 றவுண்டும் அடிச்சு வெண்டிட்டார். அதாலதான் நான் இவ்வளவு காலமும் சொன்னது, பிரிஸ்கோவுக்கும் வால்டெஸுக்கும் அடிக்க ஏலுமெண்டா ஹேக்லருக்கு ஏலாதா எண்டு.

இப்பதான் அந்த விசயம். ஹேக்லர் எண்டா எல்லாரும் 85 ஹேர்ன்ஸ் சண்டையைத்தான் நினைக்கிறது, மொத்தம் 8 நிமிசம் 1 செக்கன், நெத்தி வெடிச்சு ரத்தம் ஓட ஓட மூண்டாம் றவுண்டில முடிச்சது. ஆனா அந்தச் சண்டையை அப்பிடி ஆக்கினதில பாதி ஹேர்ன்ஸ். அவர் நிண்டு அடிச்சவர், இவர் திருப்பி அடிச்சவர். 83இல டுரானோட பாருங்கோ, டுரான் பாய்ஞ்சு வராம பொறுமையா நிண்டார், ஹேக்லரும் பாத்துக்கொண்டு நிண்டார், தன்னைவிடச் சின்ன உடம்புக்காரரிட்ட கடைசி ரெண்டு றவுண்டையும் அடிச்சு எடுத்துத்தான் வெண்டது. 87இல லெனார்ட்டிட்டத் தோத்ததும் அப்பிடித்தான், முதல் நாலு றவுண்ட் தன்ர இடக்கை நிலையை விட்டிட்டு வலக்கைக்காரன் மாதிரி நிண்டு சும்மா கொடுத்துப் போட்டார். (ஒரு நடுவர் லெனார்ட்டுக்கு 118-110 போட்டது எனக்கு இண்டைக்கும் வயித்தெரிச்சல், அது வேற.) நெருப்பு வைக்கிறவனிட்ட ஹேக்லர் நெருப்பு, யோசிக்கிறவனிட்ட ஹேக்லரும் யோசிப்பார். மொன்சோன் ஒருநாளும் முதல்ல நெருப்பு வைக்கிற ஆள் இல்லை.

இன்னொண்டு, ஹேக்லர் இடக்கைக்காரர், மொன்சோன் வலக்கைக்காரர். இடக்கைக்காரனோட வலக்கைக்காரன் நிக்கேக்க முன்கால் ரெண்டும் தட்டுப்படும், ஆர் தன்ர காலை மற்றவன்ர காலுக்கு வெளியால வைக்கிறானோ அவன்ர நேர்க்கைக்கு வழி திறக்கும். நான் ஒருக்கா என்னைவிட உயரமான இடக்கைப் பெடியனோட பழகினனான், ஒரு அடியும் நோகேல்லை, ஆனா மூக்குத் தண்டில தட்டித் தட்டிக் கண்ணில தண்ணி நிரம்பி ஒண்டும் தெரியாமப் போச்சு, நான் முன்னுக்குப் போக நினைக்கிற நேரம் எல்லாம் அவன்ர பெருவிரல் என்ர சப்பாத்துக்கு வெளியால நிக்குது. ஹேக்லருக்கு இந்தக் கலை கைவந்த கலை, கை நிலையை மாத்தி மாத்தி நிக்கக் கூடியவர், அவர் மொன்சோனுக்குச் சும்மா விட மாட்டார். கையெட்டிலயும் ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உயரம்தான் மொன்சோனுக்கு ஒரு ரெண்டு இஞ்சி கூட. ஆனா 10ஆம் றவுண்டுக்குப் பிறகு பாரம் மொன்சோன் பக்கம்தான். பென்வெனூட்டியை 12இல, கிரிபித்தை 14இல முடிச்ச ஆள். என்ர முடிவு 15 றவுண்டில மொன்சோன், நெருக்கமான புள்ளியில. எழுதேக்கயே கை கூசுது.

அக்காவுக்கு மொன்சோன்ர பேரே ஆகாது. 88இல தன்ர பிரிஞ்ச மனுசி அலிசியா முனியிஸைக் கொலை செய்தவர், 11 வருசத் தண்டனை, 95இல லீவில வெளியால வந்து திரும்பிப் போகேக்க கார் பிரண்டு செத்தவர். "பொம்பிளையைக் கொண்டவனைப் போய் வீரன் எண்டு கதைக்கிறியளே தம்பி" எண்டு அக்கா கேட்டா, நான் வாயைத் திறக்கிறதில்லை, அவ கேக்கிறது நியாயம். நான் சொல்லுறது கயித்துக்குள்ள நடக்கிற கணக்கு மட்டும்.

கொலொவ்கின் - ஹேக்லர் சண்டை ஹேக்லருக்கு லேசு. அத்தான் கோவிப்பார். கொலொவ்கின்ர 23 தொடர் நொக்கவுட், 20 தரம் பட்டம் காத்தது, அந்த ஜாப் (முன்கையால நேரா குத்துறது), ஈரலுக்குப் போடுற இடக்கை எல்லாம் உண்மை. ஆனா 2018இல மெக்சிக்கோக்காரர் கனெலோ நடுவில நிண்டு அவரைப் பின்னுக்குத் தள்ளினது எல்லாரும் பாத்ததுதானே, பின்னுக்குப் போகேக்க அவற்ற அடி பாதியாகுது. ஹேக்லரும் முன்னுக்கு வாறவர், கொலொவ்கினும் முன்னுக்கு வாறவர், ஒருத்தர் பின்னுக்குப் போகத்தான் வேணும், அது ஹேக்லர் இல்லை. 12ஆம் 13ஆம் றவுண்டில கொலொவ்கின்ர கோர்னரில நிக்கிற அவற்ற ஆக்களே சண்டையை நிப்பாட்டுவினம்.

இதே நிறையில பட்டம் வச்சிருந்த ஹொப்கின்ஸ் கொலொவ்கினை வெல்லுவார், சண்டை பாக்க நல்லா இருக்காது. 2001இல டிரினிடாட்டை எப்பிடிக் கட்டிப் போட்டாரோ அதே மாதிரி. 1920களில இந்தப் பட்டம் வச்சிருந்த ஹாரி கிரெப்பை ஏன் சேக்கேல்லை எண்டு கேப்பியள், பிறகு ஹெவிவெயிட் சம்பியனான டன்னி வாழ்க்கையில தோத்த ஒரே சண்டை 1922இல கிரெப்பிட்டத்தான், ஆனா அவற்ற ஒரு சண்டையும் படமா மிஞ்சேல்லை. பாக்காத காலை நான் எப்பிடி அளக்கிறது?

மிச்சம் ரொபின்சன். பெரியப்பா 51 காதலர் தினத்தில லமோட்டாவை 13ஆம் றவுண்டில நிப்பாட்டினதை றவுண்ட் றவுண்டா ஒப்பிப்பார். அண்டைக்கு ரொபின்சன் 155 அரை றாத்தல், லமோட்டா 160. லமோட்டா முன்னுக்கே வந்துகொண்டிருக்க, 10 வரைக்கும் பொறுமையா வாங்கியும் குடுத்தும் களைக்க வச்சு, பிறகு திறந்து விட்டது. ஹேக்லர் லமோட்டாவைவிடச் சுத்தமான ஆள், தாடையும் கல்லு. ஆனா ஹேக்லர் யோசிக்கத் தொடங்கினா ரொபின்சன்ர கைவேகம் றவுண்டுகளைக் களவெடுத்திடும், லெனார்ட் மூண்டு வருசத்தில ஒரு சண்டையும் பிடிக்காம வந்தே செய்ததை 51 ரொபின்சன் செய்யாம விடமாட்டார். ரொபின்சன், புள்ளியில.

ரொபின்சன் - மொன்சோன்தான் எனக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் தீராதது. நான் உதாரணத்துக்குச் சொல்லுறது நாபோலெஸ். அவரும் ரொபின்சன் மாதிரி கீழ் நிறையான வெல்டர்வெயிட்டில (147 றாத்தல்) ராசா, 74இல பாரிசில மொன்சோனிட்ட ஏறி வந்து 6 றவுண்டோட கதிரையை விட்டு எழும்பேல்லை. பெரியப்பா சொல்லுவார், "நாபோலெஸ் கட்டை மகன், ரொபின்சன் மொன்சோன்ர உயரம், கண்ணுக்குக் கண் நிப்பார்". அது உண்மை. 57இல புல்மரை 5ஆம் றவுண்டில விழுத்தின இடக்கை ஹூக்கை (வளைச்சு அடிக்கிற குத்து) நான் பத்துத் தரமாவது மெதுவா ஓட விட்டுப் பாத்திருப்பன், பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிற கால், ஆனா கை முன்னுக்கு. மொன்சோனிட்ட எல்லாரும் தோத்தது முன்னுக்கு வந்துதான், பின்னுக்குப் போய்க்கொண்டே அப்பிடி அடிக்கக் கூடிய ஒருத்தன் அவருக்கு ஒருநாளும் வரேல்லை. அதால 51 ரொபின்சன் எண்டா நான் பெரியப்பாவுக்கு விட்டுக் குடுக்கிறன், 8-7 றவுண்ட். 57 ரொபின்சன் எண்டா மொன்சோன், 11ஆம் றவுண்டில, அதில ஒரு அங்குலமும் இறங்க மாட்டன்.