நாச்சியார்கோவில் குத்துவிளக்கு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்கு, தினமும் ஏற்றும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையில் பூட்டுகிறார்கள். விலை எடைக்குத்தான், அதனால் எடை போடச் சொல்லியே வாங்குங்கள்.

கடையிலேயே முழுக்கப் பூட்டிச் சமதரையில் வைத்து, தட்டை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் மரை சரியில்லை, வேறு கேளுங்கள். பெரும்பாலும் எண்ணெய் இறங்குவது தட்டின் நடு மரை வழியாகத்தான். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தாலே தெரிந்துவிடும். மினுமினுக்கும் வார்னிஷ் பூச்சு வேண்டவே வேண்டாம். திரி எரியும் ஐந்து முகமும் கருகித் திட்டாகும், பிறகு புளிக்கும் மசியாது.

திரி முகத்துக்கு வெளியே அரை விரற்கடைக்குமேல் நீண்டால் புகையும், கரி படியும். வியாழக்கிழமை புளி போட்டுத் தேய்க்கும்போது மரைகளையும் கழற்றி, ஈரம் போகத் துடையுங்கள். அங்கேதான் பச்சைக் களிம்பு முதலில் பிடிக்கும். பூட்டும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த வாரம் இறுகாமல் கழலும்.